துணி காயும் இடத்தைப் போய்ப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். மகளுக்கு 12 வயது. பெரியமனுஷியாகி எட்டு மாதம் ஆகிறது. நாற்பது நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. துணிதான் வைக்கிறாள். தொடையிடுக்கில் அரிப்பு, கொஞ்சம் வெள்ளையும் படுகிறது. அந்த மூன்று நாளும் குளிக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: நாற்பது நாள் என்று பயப்படாதீர்கள். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் 21 முதல் 45 நாளுக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான். மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே துணி நனைந்துவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, அரிப்பு. துணியை எங்கே காயப்போடுகிறாள் என்று இன்றே போய்ப் பாருங்கள். நான் போன பல வீடுகளில் அது கொடியில் பாவாடைக்கு அடியில், மடித்த மடிப்போடு கிடக்கும். தொட்டால் சில்லென்றிருக்கும், முகர்ந்தால் புளித்த வாடை வரும். அந்த ஈரத்தோடு திரும்ப வைத்துக்கொண்டால் அரிக்காமல் என்ன செய்யும்?

பழைய வெள்ளை வேட்டித் துணியே போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பு போட்டு, விரித்து வெயிலில் போடுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்.

நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் எங்கே மாற்றுகிறாள் என்று கேளுங்கள். கழிவறைக்குப் போகக் கூசிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பிள்ளைகள் நிறைய. நீர்க்கடுப்பு அப்படித்தான் வருகிறது. கிராமத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் இலவசம். பாக்கெட்டுக்கு ஆறு என்பதால் முழுக்கப் போதாது. பள்ளி நேரத்துக்கு அது, வீட்டில் துணி என்று வைத்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

வாடையோ அரிப்போ இல்லாமல் வெள்ளைபடுவது இந்த வயதில் சகஜம். உங்கள் மகளுக்கு அரிப்பும் இருப்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கும் களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், படை அடங்குவது போல அடங்கிப் பிறகு பரவும். உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் படக்கூடாது. வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும்.

குளியல் அந்த நாட்களில்தான் கட்டாயம் வேண்டும், தலைக்கு ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. மாமியாரோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அவர் கையாலேயே கொடுக்கட்டும், பேத்தி உடம்புக்கு நல்லது.

கொடியில் துணி போட மகள் கூசுவாள். முதல் நாள் உங்கள் துணியையும் பக்கத்திலேயே போடுங்கள்.