உதய்ப்பூர் அரண்மனையில் தங்குவதற்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் எங்கள் 25-வது கல்யாண நாள். உதய்ப்பூர் லேக் பேலஸில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மனைவியின் ரொம்ப நாள் ஆசை. மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் போட்ட 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, மாதம் 15,000 மிஞ்சும். எஃப்.டி.யை உடைப்பதா, 2 லட்சம் பர்சனல் லோன் போடுவதா? பில்லைக் கடைக் கணக்கில் காட்டலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் இந்த இரண்டு வழியும் வேண்டாம். ஃபீஸ் பணத்தில் கை வைத்தால் ஜூனில் நீங்கள்தான் வட்டிக்கு அலைவீர்கள். லோன் 14 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் வட்டி மட்டும் சுமார் 46,000. 28-வது கல்யாண நாள் வரை தவணை ஓடும்.

முதலில் பிப்ரவரியை விடுங்கள். தை, மாசி முகூர்த்தத்தில் சீர்வரிசைப் பாத்திரம் வாங்க ஆள் வரும்போது கடையை அடைத்துவிட்டுப் போனால் அந்த நஷ்டமும் பயணச் செலவுதான், போதாததற்கு அங்கேயும் அது சீசன், வாடகை உச்சத்தில் இருக்கும். ஆடியில் உங்களுக்கும் வியாபாரம் மந்தம், அவர்களுக்கும் கூட்டம் குறைவு. (ஆடியில் பிரித்து வைப்பதெல்லாம் புதுஜோடிக்கு!) இப்போதிருந்தே மாதம் 10,000 பாங்க் ஆர்.டி. போட்டால் பத்து மாதத்தில் 1 லட்சம் சேர்ந்துவிடும்.

அப்புறம், அரண்மனையில் ஒரே இரவு போதும், மற்ற நாளுக்குக் கரையில் சாதாரண ஹோட்டல். இரண்டாம் ஜகத் சிங் மகாராணா 1746-ல் பிச்சோலா ஏரி நடுவில் கட்டி முடித்த மாளிகை அது, படகில்தான் போக முடியும். நம்மூர் மாதிரி ராத்திரி பசித்தால் தெருமுனையில் நாலு இட்லி சாப்பிட்டு வர வழியில்லை, காபி முதல் எல்லாம் அங்கேதான், அவர்கள் விலைக்குத்தான். நெட்டில் காட்டும் வாடகையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஒரு நாள் வாடகை 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அந்த மாதிரி ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் அதே 18. ஒரு பேச்சுக்கு அறை 40,000 என்றால் வரியே 7,200. காலை டிபன் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டு புக் செய்யுங்கள், செக்-இன் நேரத்துக்கே போய் இறங்கிவிடுங்கள்.

கடைக் கணக்கில் காட்டக் கூடாது, இது சொந்தச் செலவு. ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. அறை வாடகைக்கு ஹோட்டல் இருக்கிற மாநிலத்து வரிதான், ராஜஸ்தானில் கட்டியதைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழிக்க முடியாது.