மறுமணத்துக்குப் பிறகு முதல் கணவரின் வீட்டை விற்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். என் முதல் கணவர் 2012-ல் வங்கிக் கடன் வாங்கித் திருச்சியில் ஒரு வீடு வாங்கினார். பத்திரம் அவர் பேரில் மட்டும்தான். 2019-ல் மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து தவணையை என் சம்பளத்தில் நான்தான் கட்டுகிறேன். இன்னும் 9 லட்சம் பாக்கி. மகளுக்கு 16 வயது முடிந்துவிட்டது. 2023-ல் மறுமணம் செய்துகொண்டேன். இவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். இவர் வேலை ஓசூரில். திருச்சி வீட்டை விற்று இங்கே வாங்கலாம், இல்லையென்றால் கடனை வட்டி குறைந்த வேறு வங்கிக்கு மாற்றி, மேற்கொண்டு டாப்-அப் (கூடுதல் கடன்) எடுக்கலாம் என்கிறார். கொழுந்தனாரோ, "நீங்க வேற கல்யாணம் பண்ணிட்டீங்க, இனி அந்த வீட்ல உங்களுக்கு என்ன இருக்கு?" என்கிறார். மாமியார் அவருடன் இருக்கிறார். எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?
— வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, உரிமை இருக்கிறது. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கணவர் இறந்த அன்றே உங்கள் பங்கு உங்களுக்கு வந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து நடந்த கல்யாணம் அதைப் பறிக்காது. கொழுந்தனார் சொல்வது 1856-ம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்துப் பேச்சு. மறுமணத்துக்கு வழிவிட்ட அதே சட்டம்தான், மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தை விட்டுவிட வேண்டும் என்றும் வைத்திருந்தது. 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்கு முழு உரிமை கொடுத்தது. அந்தப் பழைய சட்டத்தையே 1983-ல் நீக்கியும்விட்டார்கள். இன்னும் ஊர்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் வீடு முழுக்க உங்களுடையது இல்லை. மனைவி, மகள், தாய் என மூன்று பேருக்கும் சமபங்கு. ஆளுக்கு மூன்றில் ஒன்று. தவணை கட்டியதால் உங்கள் பங்கு கூடாது. ஆனால் விற்றுக் கணக்குப் பார்க்கும்போது, மற்றவர்கள் பங்குக்கும் சேர்த்து நீங்கள் கட்டியதைக் கேட்கலாம். 2019 முதல் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள். 2012-ல் கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஏதாவது போட்டிருந்தாரா என்று வங்கியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் தவணை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மகள் விஷயம். மைனரின் பங்கைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. அதனால் கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் இதே சிக்கல்தான். புது வங்கி புதிதாக அடமானம் கேட்கும், அதில் மகள் பங்கும் அடங்கும். உங்கள் கணவர் கார்டியனாகக் கையெழுத்துப் போடலாமா என்றால், கூடாது. சட்டம் மாற்றாந்தகப்பனை இயற்கைப் பாதுகாவலராக ஏற்பதில்லை. அவர் எவ்வளவு பாசமானவர் என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். மறுமணம் செய்துகொண்ட ஓர் அம்மாவிடம் வீடு வாங்கியவர்கள். "அம்மா கையெழுத்துப் போட்டா போதும்" என்று யாரோ சொல்ல, அனுமதி வாங்காமலே பத்திரம் முடிந்திருந்தது. விற்ற அம்மாவின் பையன் 18 முடித்தான். அதற்குப் பிறகு 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம், போட்டுவிட்டான். வீடு வாங்கிய தம்பதியில் மனைவி மஞ்சப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தபோது, 'மைனர்' என்று எழுதியிருந்த இடம் மட்டும் விரல் பட்டுப்பட்டு மங்கிப் போயிருந்தது. வீடு போகுமோ என்ற பயம் அவர்களுக்கு. எனக்கோ கோர்ட் வராந்தாவில் கண்ட காட்சிதான் மறக்கவில்லை. பெற்ற தாய் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார், மகன் இன்னொரு கோடியில் நின்றான். அந்தப் பணத்தில் அவனைத்தான் படிக்க வைத்தேன் என்று அந்தத் தாய் சொன்னார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். காட்டக் கணக்கு இல்லை.

என் யோசனை, பொறுத்திருங்கள். மகளுக்கு 18 ஆக இரண்டு வருடம்கூட இல்லை. நீதிமன்றத்தில் மனுப் போட்டால், விற்பது மகளுக்கு அவசியம் அல்லது தெளிவான நன்மை என்று நிரூபிக்க வேண்டும். கிடைத்தாலும் அவள் பங்குப் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வதுதான் வழக்கம், ஓசூர் வீட்டுக்கு அது உதவாது. அதுவரை வீட்டை வாடகைக்கு விடுங்கள். இப்போதைய வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள். டாப்-அப் வேண்டாம். அந்தக் கடன் மகள் பங்கின் தலையிலும் உட்காரும். கையில் பணம் சேர்ந்தால் அசலைக் கட்டுங்கள், மாறும் வட்டிக் கடனுக்கு அபராதம் கிடையாது. கடன் முடிந்த 30 நாளில் வங்கி அசல் பத்திரத்தைத் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

ஓசூரில் என்றைக்கு வாங்கினாலும், உங்கள் பணம் எவ்வளவோ அந்த அளவுக்குப் பத்திரத்தில் உங்கள் பேர் இருக்கட்டும். அப்புறம், ஒரு உயில் எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சி போதும். உயில் இல்லாமல் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், திருச்சி வீட்டில் உங்கள் பங்கு மகளுக்கும் இப்போதைய கணவருக்கும் பாதிப் பாதி போகும். முதல் கணவர் வழியில் வந்த சொத்தாயிற்றே, மகளுக்குத்தானே என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதைக் கணவரிடம் மறைக்காமல் சொல்லியே எழுதுங்கள். அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவருக்குப் புரியும்.

கடைசியாக மாமியார். கொழுந்தனாருக்கு இன்றைக்கு அந்த வீட்டில் பங்கு இல்லை. ஆனால் மாமியார் எதுவும் எழுதி வைக்காமல் காலமானால், அவருடைய மூன்றில் ஒன்று அவர் பிள்ளைகளுக்கும், இறந்த மகன் இடத்தில் உங்கள் மகளுக்கும் பிரியும். அதற்குப் பிறகு கொழுந்தனார் கையெழுத்தும் இல்லாமல் விற்க முடியாது. மாமியார் தன் பங்கைப் பேத்திக்குக் கொடுக்க விரும்பினால், பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் போடலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். விரும்பாவிட்டால் விற்கும்போது அவர் பங்கை அவர் கணக்கிலேயே போடுங்கள். மகனைப் பறிகொடுத்தவர். பத்திரத்தை யாராவது வாசித்துக் காட்டாமல் அவரிடம் கைநாட்டு வாங்காதீர்கள். அடுத்த முறை திருச்சி போகும்போது வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.