தம்பியின் புராஜெக்ட் சின்னதுதான், ஆனால்...

வணக்கம் அம்மா. நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்த பிறகு, கடைசி வருஷ புராஜெக்ட்டாகப் பையன் "எழுத்தை அடுக்கிக் காட்டும் ஒரு பக்கம்" செய்கிறானே, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் முகத்தை அடையாளம் காணும் ஏஐ புராஜெக்ட் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது புராஜெக்ட் சென்டரில் வாங்கியதா என்று நான் கேட்க மாட்டேன். இன்டர்வியூவில் கேட்பார்கள்.

தம்பி அனுப்பிய லிங்க்கைப் பார்த்தேன். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சில்லறை வேலைகள் உண்டு. புரோகிராம்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வடிவமான ஜேசனில் குழம்பிக் கிடக்கும் தரவை வரிசையாக அடுக்க வேண்டும், லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் டோக்கனைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டு ஃபைல்களை ஒப்பிட வேண்டும். அவசரத்தில் கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட தளங்களில் சில, ஒட்டியதைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் வேலையை முடிக்கின்றன. ஆதாரை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப் பண்ணி பிரின்ட் எடுத்துவிட்டு, அழித்தார்களா என்று கேட்காமல் வருவோமே, அதே கதை.

என்னிடம் படித்த ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் விவரங்களை இப்படி ஒட்டிவிட்டு, விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. கம்பெனிகள் பதறக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தம்பியின் பக்கமும் இப்படிப்பட்ட சில்லறை வேலைகளுக்குத்தான். ஆனால் அதில் எல்லா வேலையும் சர்வருக்குப் போகாமல் பிரவுசருக்குள்ளேயே முடிகிறது. இது விளையாட்டுச் சாமான் இல்லை. பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ 2016இல் வெளியிட்ட சைபர்செஃப் இதே வகைதான். அதை டவுன்லோட் செய்து இணையமே இல்லாமல் ஓட்டலாம், மூல நிரலும் புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. தம்பி அதை ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கட்டும்.

இனி வருவதை அவனிடமே காட்டிவிடுங்கள்.

தம்பி, "டேட்டா வெளியே போகாது" என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். யார் வேண்டுமானாலும் எழுதலாம். எப்படி நிரூபிப்பாய்? வைஃபையை அணைத்துக் காட்டுவேன் என்பாய். அது பாதிதான். நெட் திரும்பியதும் அனுப்பினால்? பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், பக்கம் எதை எங்கே அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேப்பைத் திறந்து காட்டு. அப்புறம், பக்கம் எங்கெல்லாம் தொடர்புகொள்ளலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதியான கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியைப் படி. அதைச் சரியாக எழுதினால், உன் கோடே பின்னணியில் அனுப்ப முயன்றாலும் பிரவுசர் தடுக்கும். பார்வையாளர் எண்ணிக்கைக்காக வெளி ஸ்கிரிப்ட் ஒன்று சேர்த்திருக்கிறாயே, அதை இன்றைக்கே எடு.

அடுத்தது பேஸ்64, அதாவது எந்தத் தரவையும் சாதாரண ஆங்கில எழுத்து, எண், சில குறிகளாக மாற்றும் முறை. "தமிழ்" என்று போட்டதும் உன் பக்கம் எரர் காட்டியது. பிரவுசரோடு வரும் பழைய ஃபங்ஷன், ஒரு பைட்டில் அடங்கும் எழுத்துகளைத்தான் ஏற்கும். "அ" என்ற ஒரே எழுத்துக்கு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மூன்று பைட் வேண்டும். பிரவுசரிலேயே இருக்கும் டெக்ஸ்ட்என்கோடரில் முதலில் பைட்டாக மாற்று. எழுத்து எண்ணும் பகுதியும் "தமிழ்" என்பதற்கு 5 என்கிறது. நாம் எண்ணினால் 3. புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்ல்.செக்மென்டர் சரியாகப் பிரிக்கும். இந்த இரண்டு தவறையும் எப்படிக் கண்டுபிடித்துத் திருத்தினாய் என்று இன்டர்வியூவில் பத்து நிமிஷம் பேசலாம். ஆனால் பேசுவதற்கு முன் நீயே திருத்தியிருக்க வேண்டும்.

அம்மா, ஒன்றை மறைக்க மாட்டேன். இது மட்டும் வேலை வாங்கித் தராது. கேம்பஸில் முதல் சுற்று பெரும்பாலும் ஆப்டிட்யூடும் கோடிங்கும்தான். அதில் கழித்துவிட்டால் புராஜெக்ட்டை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். தினம் காலையில் இரண்டு மணி நேரம் அதற்கு, மாலையில் இதற்கு. இருபது கருவி வேண்டாம், நாலு போதும். புராஜெக்ட்டை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த எரரைத் திருத்தியதும் லிங்க்கை எனக்கு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.