சூடானதும் கியர் உதறினால் முதல்ல கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்க

நண்பரே, 2010 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக், 1.3 லட்சம் கிலோமீட்டர், காலையில நல்லா ஓடுது, சூடானதும் 2-லிருந்து 3-க்கு மாறும்போது உதறுது, மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும்கிறார்னு எழுதியிருக்கீங்க. அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க.

வண்டி சூடானதும் சமதளத்துல நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, ஒரு நிமிஷம் கழிச்சு, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள கியர்பாக்ஸ் ஆயிலோட டிப்ஸ்டிக்கை (அளவு பார்க்குற கம்பி) எடுங்க. ஹோண்டாவுக்கு இதுதான் முறை. எஞ்சின் ஓடும்போது பார்த்தா அளவு தப்பாக் காட்டும். வெள்ளை டிஷ்யூவுல ஒரு சொட்டு விடுங்க. சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தா ஆயிலுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கறுத்து, கருகின வாடை அடிச்சா உள்ளே கிளட்ச் தேயுது.

ஆயில் மாத்தும்போது பக்கத்துல நின்னு, ஆயிலை வடிக்கக் கழட்டுற ட்ரெயின் போல்ட்டோட காந்தத்தைப் பாருங்க. மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தா பயமில்லை. இரும்புச் சீவல் இருந்தாத்தான் கியர்பாக்ஸை இறக்குற பேச்சு. ஒரு தடவை வடிச்சா பாதி ஆயில் டார்க் கன்வெர்ட்டர்லயே (எஞ்சின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) தங்கிடும். அதனால நடுவுல கொஞ்சம் ஓட்டி, மூணு தடவை வடிச்சு ஊத்தச் சொல்லுங்க. ஹோண்டாவோட டிடபிள்யூ-1 கியர்பாக்ஸ் ஆயில் மட்டும். மெஷின் வச்சு உள்ளே அலசுற ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம்.

அப்பவும் உதறினா கிளட்ச் பிரஷர் சுவிட்ச்சுகளை (கிளட்ச்சுக்குப் போற ஆயில் அழுத்தத்தை உணர்றவை) சோதிக்கச் சொல்லுங்க, வெளியிலிருந்தே கழட்டலாம். மீட்டர்ல ‘டி’ விளக்கு மினுக்குதா? மினுக்கினா ஸ்கேன் பண்ணி, வர்ற பிழை எண்ணை (எரர் கோட்) இங்கே போடுங்க.