சம்பளம் இழுத்தடித்தால் என்ன செய்வது? அக்காவிடம் கேட்டவை

மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் சம்பளம் எப்படியெல்லாம் வெட்டப்படும், எப்படியெல்லாம் தள்ளிப்போடப்படும் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவள். கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். நான் சொல்வது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955 வேலைச் சட்டத்தை வைத்து. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டம் உண்டு.

அக்கா, எப்போதும் 28ஆம் தேதியே சம்பளம் ஏறிவிடும். மூன்று மாதமாக 10, 12 என்று போகிறது. கேட்டால் "கஸ்டமர் இன்னும் காசு கட்டவில்லை" என்கிறார்கள். (பாயான் லெப்பாஸ், கிடங்கு வேலை)

கஸ்டமர் கட்டாதது முதலாளியின் தலைவலி தம்பி, உங்களுடையது இல்லை. சம்பளக் காலம் முடிந்த நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காசு உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகவும் கூடாது. மார்ச் 31இல் கணக்கு முடிந்தால் ஏப்ரல் 7 கடைசி நாள். சில கம்பெனிகளில் 25ஆம் தேதியே கணக்கை மூடுவார்கள். அங்கே அதிலிருந்து ஏழு நாள் எண்ணுங்கள். ஓட்டி (கூடுதல் நேர வேலை) காசுக்கு மட்டும் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை நேரம் உண்டு.

முன்பு ஒரு இடத்தில் சம்பளம் தாமதமாகும் மாதமெல்லாம் ஆபீசுக்கு ஒரு பெட்டி கறிபாப் வரும். நாங்களும் சாப்பிட்டுவிட்டு, "பாவம், நல்ல முதலாளி" என்று பேசிக்கொள்வோம். எட்டாம் தேதிக் கறிபாப் என்றே அதற்குப் பெயர். நான்காவது மாதம் கறிபாப்பும் வரவில்லை. தாமதம் ஒரு தடவை என்றால் பொறுக்கலாம். மூன்று மாதமாக என்றால் கம்பெனியில் காசே இல்லை என்று எடுத்துக்கொண்டு, பத்திரங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

அக்கா, எனக்குப் புதுக்கோட்டை. ஜார்ஜ்டவுனில் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன். இரண்டு மாதச் சம்பளத்தை, "ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்" என்று வைத்திருக்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.

மொத்தமாகத் தருவது என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே ஏழு நாள்தான். குறைந்தபட்சச் சம்பளமும் அதே 1,700 வெள்ளிதான் (ரிங்கிட்). 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு வந்தது, ஆகஸ்டிலிருந்து சின்னக் கடைகளுக்கும் சேர்த்து. சம்பளம் வங்கிக் கணக்கு வழியாக வர வேண்டும். கையில் காசாகக் கொடுக்க, நீங்கள் எழுதிக் கேட்டிருக்க வேண்டும், தொழிலாளர் இலாகாவும் அனுமதித்திருக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. வேலை பெர்மிட் அவர் பெயரில் இருக்கும்போது வாயைத் திறக்கப் பயமாக இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் முதலில் சத்தம் போடாமல் சாட்சி சேருங்கள். உங்களைப்போல் ஒரு தம்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, கடை திறந்த நேரம், கழுவி மூடிய நேரம், அன்று கையில் வாங்கிய பத்து இருபது வெள்ளி. பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை. வெறும் வாயால் "இரண்டு மாதம் தரவில்லை" என்று சொல்லியிருந்தால் தொழிலாளர் இலாகாவில் அரை மணி நேரம் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்த நோட்டைப் புரட்டிய அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "இது நீயே எழுதியதா?" நீங்களும் இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் எப்போதாவது கையில் கொடுத்தால் உடனே படம் எடுத்து ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். சரியா?

சரியில்லை. முதலாளி தானாக வெட்டக்கூடியது கொஞ்சம்தான்: இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வருமான வரி மாதிரி சட்டம் சொல்பவை, கொடுத்த முன்பணம், கடந்த மூன்று மாதத்துக்குள் தவறிக் கூடுதலாகக் கொடுத்தது, நோட்டீஸ் இல்லாமல் போனதற்கான தொகை. தட்டு அதில் இல்லை.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டேன். கடைசி 20 நாள் சம்பளத்தைத் தரமாட்டேன் என்கிறார். வேலை செய்த காசு என்னுடையதுதானே? (சுங்கை டுவா)

இந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் வேலைக் கடிதத்தில் வேறு கணக்கு இல்லையென்றால் சட்டத்தின் கணக்கு இது: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் நான்கு வார நோட்டீஸ், ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு. கொடுக்காமல் போனால் அந்த வாரங்களின் சம்பளத்தை முதலாளி பிடித்துக்கொள்ளலாம். மூன்று வருடம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வாரம் கழித்தால் உங்கள் 20 நாள் காணாமல் போய்விடும். கழித்த பிறகும் மிச்சம் இருப்பவர்களுக்கு, நின்ற மூன்றாம் நாளுக்குள் அது வர வேண்டும்.

சம்பளமே தராத கம்பெனியிலும் நோட்டீஸ் கொடுத்துத்தான் போக வேண்டுமா?

இங்கே கதை வேறு. சம்பளத்தைச் சட்டப்படி தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தது முதலாளிதான் என்று அதே சட்டம் சொல்கிறது. வேண்டுமென்றே முறித்திருந்தால் நீங்கள் நோட்டீஸ் இல்லாமல் போகலாம். ஆனால் கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடாதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுங்கள். போனாலும், இதனால்தான் போகிறேன் என்று எழுதிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் சொல்லாமல் ஓடியவர் என்று கதை திரும்பிவிடும். மறைமுகமாக வேலையைவிட்டுத் துரத்தியதாக வழக்குப் போடுவதென்றால் தொழில் உறவு இலாகாவிடம் 60 நாளுக்குள் போக வேண்டும். சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கும் அதே 60 நாள்தான்.

எனக்கு 6,500 வெள்ளி சம்பளம், மேனேஜர். இந்தச் சட்டம் எனக்கு இல்லை என்கிறார் எச்.ஆர்.

அவர் 2022இலேயே நின்றுவிட்டார். 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சட்டம் உண்டு. 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓட்டி மாதிரி சில மட்டும் இல்லை. ஏழாம் நாள் உங்களுக்கும் ஏழாம் நாள்தான்.

ஸ்லிப்பில் இபிஎஃப் வெட்டியிருக்கிறது. கணக்கில் ஐந்து மாதமாக ஒன்றும் ஏறவில்லை.

தங்கச்சி, சம்பளத் தாமதத்தைவிட எனக்கு இதுதான் கோபம் வரும். உங்கள் காசை எடுத்து வைத்துக்கொண்டு கட்டவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உங்களிடம் வெட்டிவிட்டுக் கட்டாமலிருந்தால் சிறைத்தண்டனை வரை போகும், டைரக்டர்களும் சொந்தமாகப் பொறுப்பு. ஸ்லிப்போடு நேராக இபிஎஃப் ஆபீசுக்குப் போங்கள். தொழிலாளர் இலாகாவுக்கு அதை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். சொக்சோவையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

கட்டட வேலை. சப் குத்தகைக்காரர் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். (புக்கிட் மெர்தாஜாம்)

அவருக்கு மேலே இருக்கும் முதன்மைக் குத்தகையாளரிடமும் கேட்கலாம், அதிகபட்சம் தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரை. ஆனால் சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் போயிருக்க வேண்டும். "அடுத்த வாரம்" என்றே இந்த 90 நாளையும் கரைத்துவிடுவார்கள். சைட் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே படம் எடுங்கள்.

லேபர் ஆபீசுக்குப் போனால் என்ன நடக்கும்? செலவாகுமா?

புகாருக்குக் காசு இல்லை, வக்கீலும் தேவையில்லை. வேலைக் கடிதம், ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸப் செய்திகளை அச்செடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். அதிகாரி முதலில் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுவார். பல கேஸ் அந்தப் போனிலேயே முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்ற விசாரணை. உத்தரவு போட்டும் கட்டாவிட்டால் அதை செஷன்ஸ் அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்பித் தீர்ப்பு மாதிரியே வசூலிக்கலாம்.

கம்பெனியை மூடிவிட்டார்கள்.

கலைப்புக்குப் போனால் லிக்விடேட்டரிடம் (கம்பெனி சொத்தை விற்றுக் கடன் தீர்ப்பவர்) பெயர் கொடுங்கள். கலைப்புக்கு முந்தைய நான்கு மாதச் சம்பளத்தில் 15,000 வெள்ளி வரை மற்ற பல கடன்களுக்கு முன்னால் உங்களுக்கு வரும். கம்பெனியில் ஏதாவது மிச்சம் இருந்தால்தான், அது வேறு.

மாமா கடையிலேயே வேலை. மூன்று மாதப் பாக்கி. புகார் கொடுத்தால் அம்மா என்னோடு பேசமாட்டார்.

புகாரை இப்போதைக்கு விடுங்கள். இப்படி ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள்: "மாமா, மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதச் சம்பளம், மாதம் 1,900 வீதம் 5,700 வெள்ளி பாக்கி இருக்கிறது. இடையில் 600 கொடுத்தீர்கள். மிச்சம் 5,100. எப்போது தரமுடியும் என்று சொல்லுங்கள்." அவர் "சரி, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று போட்டாலும் போதும், பாக்கியை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காசுக்கு வழக்குப் போட ஆறு வருடம் நேரம் இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது மாமாவே கவரோடு வந்தாலும் வரலாம், வாங்கியதும் அதையும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.