கேளுங்கள், சொல்கிறேன்: ஏரியல் போட்டோ படித்த பெண்கள்

கேள்வி: என் மகள் சேலத்தில் பி.எஸ்சி. புவியியல் படிக்கிறாள். ஏரியல் போட்டோ, அதாவது விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படித்தறியும் பாடம், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேற்கொண்டு அதையே படிக்க ஆசைப்படுகிறாள். “அதெல்லாம் பட்டாளத்து ஆம்பளைங்க வேலை” என்கிறார் என் மாமனார். போர்க்காலத்தில் பெண்கள் இந்த வேலையைப் பார்த்ததுண்டா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாகப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் மெட்மென்ஹாமில், தேம்ஸ் ஆற்றங்கரை மாளிகை ஒன்றில் விமானப்படையின் படம் படிக்கும் மையம் இருந்தது. ஸ்பிட்ஃபயர், மொஸ்கிட்டோ விமானங்கள் எதிரி மண்ணுக்கு மேல் பறந்து எடுத்த படங்கள் அங்கே வந்து குவியும். அவற்றை ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து படித்த பெண்கள் ஏராளம். சர்ச்சிலின் மகள் சாரா அங்கே வேலை பார்த்தார். கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியரான தொல்லியலாளர் டோரதி கேரட்டும் அங்கே இருந்தார்.

மாமனாரிடம் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் கதையைச் சொல்லுங்கள். போருக்கு முன் விமானப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர்; மெட்மென்ஹாமில் எதிரி விமானங்களை அடையாளம் காணும் பிரிவுக்குத் தலைவி. பால்டிக் கடலோரம் ஜெர்மனியின் ஆயுதச் சோதனைத் தளமான பீனெமுண்டேயில் 1943 நவம்பர் 28 அன்று எடுத்த படத்தில், ஒரு சாய்தளத்தின் மேல் சிலுவை மாதிரி ஒரு துளியைக் கண்டார். படத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆளில்லாமல் பறந்துபோய் வெடிக்கும் ஜெர்மனியின் வி-1 குண்டு அதுதான். அதே மாதிரித் தளங்கள் வடக்கு பிரான்சில் முளைத்துக்கொண்டிருந்தன. அவை எதற்கென்று அப்போதுதான் உறுதியானது. அவற்றின் மேல் குண்டு போட்டார்கள். லண்டனில் முதல் வி-1 விழுந்தது 1944 ஜூன் 13-ல். அதற்குள் கிடைத்த அவகாசத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, போன படத்தில் இல்லாதது இந்தப் படத்தில் எங்கே என்று தேடுகிற பொறுமை அது. நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் போடுகிற படிப்பு அது.

நான் கல்லூரியில் பாடம் நடத்தியபோது சேர்வராயன் மலைப் படங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரே இடத்தின் இரண்டு படங்களைச் சேர்த்து மேடு பள்ளமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவி வழியே கொண்டை ஊசி வளைவுகள் எழும்பி நிற்கும். மேக்னசைட் சுரங்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். ஒரு வெளுத்த சதுரத்தைக் கட்டடம் என்று வகுப்பே எழுதியிருந்தது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த மாணவி மட்டும், “இல்லைங்க மேடம், காப்பிக்கொட்டை காயப்போடுற களம். பக்கத்துல சில்வர் ஓக்குக்கு நிழல் விழுது பாருங்க, இதுக்கு விழலையே” என்றாள். மெட்மென்ஹாமில் கேட்டதும் இந்தக் கண்ணைத்தான்.

உங்கள் மகள் தாராளமாக ரிமோட் சென்சிங் (விமானம், செயற்கைக்கோள் வழியே தூரத்திலிருந்து நிலத்தை ஆராயும் படிப்பு) படிக்கட்டும். இப்போதைக்கு ஒன்று சொல்லுங்கள்: ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் படங்களை வைக்கும்போது நிழல் தன் பக்கமாக விழும்படி வைக்க வேண்டும். இடது படமும் வலது படமும் இடம் மாறிவிட்டால், சேர்வராயன் மலையே பள்ளமாகத் தெரியும்!