‘ஏ.ஆர்.’ பொறித்த கோப்பையை வாங்கலாமா?

கேள்வி: பெர்லினில் பழம்பொருள் வணிகர் ஒருவர் மூடியுடன் கூடிய உயரமான கண்ணாடிக் கோப்பையைக் காட்டினார். அதில் கிரீடமும் அதன் கீழ் ‘ஏ.ஆர்.’ என்ற எழுத்துகளும் செதுக்கப்பட்டு, பள்ளங்களில் தங்கம் பூசப்பட்டுள்ளது. சாக்சனியின் அகஸ்டஸ் மன்னர் பயன்படுத்தியது என்கிறார். தேய்ந்த தங்கத்தைப் புதுப்பித்தும் தருவாராம். வாங்கலாமா?

பதில்: முதலில், தங்கத்தில் கைவைக்க விடாதீர்கள். அதன் வயதைச் சொல்லக்கூடிய சாட்சிகளில் பழைய பூச்சும் ஒன்று. பசை தடவி ஒட்டிய தங்கத்தாள் எளிதில் உரிந்துவிடும் என்பதால், தேய்மானத்தைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. 1830-ஐ ஒட்டி சாக்சனியின் பீங்கான் நகரமான மைசனில் உருவான திரவத் தங்கமோ மெல்லியதாக, ஒரே சீராகப் பளபளக்கும். புதுப்பித்த பிறகு எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

‘ஏ.ஆர்.’ என்பது ‘அகஸ்டஸ் ரெக்ஸ்’, அதாவது லத்தீனில் ‘அகஸ்டஸ் அரசர்’. ஆனால் எழுத்துகளை வைத்து எந்த மன்னர் என்று அடையாளம் காண்பதும் இயலாது. 1697-இல் போலந்தின் அரசரான இரண்டாம் அகஸ்டஸும், 1763-இல் இறந்த அவர் மகன் மூன்றாம் அகஸ்டஸும் இதே எழுத்துகளையே பயன்படுத்தினார்கள். அரசவைக் கோப்பைகள் பரிசாகவும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைப் பார்த்துப் புதிதாகவும் செய்தார்கள். மேலும், செதுக்கிய பள்ளத்தில் தங்கம் பூசுவது, சாக்சனியிலிருந்து வேறான ஜெர்மன் அரசாக இருந்த பிரஷ்யாவின் போட்ஸ்டாம், செஹ்லின் கண்ணாடிகளுக்குப் பேர்போன வழக்கம். சாக்சனியது என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கோப்பை பழையது, செதுக்கல் புதியது என்ற ஏமாற்றும் உண்டு. லென்ஸ் வைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள்: காலத்தால் வந்த கீறல்கள் பல திசைகளில் ஓடும், உப்புத்தாள் தேய்த்தவை ஒரே திசையில் அணிவகுக்கும். அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்திருந்தும் செதுக்கலின் விளிம்புகள் மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அலமாரியில் நின்றபடியே காலம் கழித்த கோப்பையின் அடிப்பாகம் மட்டுமே பலகையில் உராய்ந்திருக்கும். பக்கங்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அத்தகைய கோப்பையில் உண்மையான பழைய செதுக்கலும் நேற்று வெட்டியதுபோல்தான் தெரியும். ஆகவே கூர்மையை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

வணிகர் நீட்டும் ‘நிபுணர் சான்றிதழை’ நம்ப வேண்டாம். ஜெர்மனியில் நிபுணர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை; யார் வேண்டுமானாலும் அட்டை அச்சடித்துக்கொள்ளலாம் என்ற இந்த அவலம் எத்தனை ஆண்டுகளாகத்தான் நீடிக்குமோ! வணிகக் கழகம் நியமித்து உறுதிமொழி பெற்ற மதிப்பீட்டாளரை நீங்களே தேர்ந்து அமர்த்துங்கள். ரசீதில் ‘அகஸ்டஸ் பாணியில்’ என்ற நழுவலை ஏற்காமல், செய்த இடத்தையும் காலத்தையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேரத்தை நிறுத்திவிடுங்கள்.